பழைய குவார்ட்டர்ஸில் ஒரு விருந்தாளி

பெங்களூரில் விடிகாலையில் பஸ் ஏறி, முதுகு ஒடிய நெய்வேலி வந்து சேர்ந்தால், அப்பா வீட்டில் இல்லை.

"எங்க போயிருப்பாரு? பழைய குவார்ட்டர்ஸுக்குத்தான். இப்ப அங்க குடியிருக்கிற சத்யாக்கா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க," என்றான் தம்பி நிலவன், ஏதோ முக்குக் கடைக்குப் போனவரைச் சொல்வதுபோல. எழில்மதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நினைவு தப்பிய மனிதரை இப்படியா அவிழ்த்து விடுவது?

அப்பா சாமிக்கண்ணு மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டயரானவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீடும் கட்டியாயிற்று. அதெல்லாம் அவருக்கு மறந்தே போய்விட்டது. ஒரே மாதிரி வரிசையாக நிற்கும் அத்தனை குவார்ட்டர்ஸில் பழைய வீட்டை மட்டும் அவர் கால் தவறாமல் கண்டுபிடித்துவிடுகிறது. போன தடவை வந்தபோது எழில்மதியைப் பார்த்து "நர்ஸம்மா" என்று கும்பிட்டார். ஒரே ஒரு முறை தன் பேரைச் சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசையில்தான் இப்போது லீவு போட்டு வந்திருந்தாள்.

பழைய குவார்ட்டர்ஸில் சத்யா வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்கக்கா. ஐயா காலையிலயே வந்துட்டாரு. நாலு இட்லி சாப்ட்டாரு, தூங்கி எழுந்தாரு. ஒரு தொந்தரவும் இல்ல."

ஹாலில் அப்பா வீட்டுக்கு எஜமானராக உட்கார்ந்திருந்தார். மகளைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார். அதுதான் அவளைக் கொன்றது. பெற்ற மகளுக்கு எந்த அப்பன் எழுந்து நிற்பான்!

"ஒக்காருங்கம்மா. யாரப் பாக்கணும்?"

"உங்களத்தாம்ப்பா. வூட்டுக்குப் போலாம், வாங்க."

"இதாம்மா எங்க வூடு." சிரித்தார். "எம் பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம். நான் இல்லன்னா கேட்டுலயே நின்னுகினு இருப்பா. நீங்களும் இருந்து பாத்துட்டுப் போங்க. கெட்டிக்காரி." சத்யாவைப் பார்த்து, "அம்மாவுக்கு ஒரு காப்பி குடும்மா" என்று உத்தரவு வேறு.

எழில்மதி கெஞ்சினாள், கொஞ்சினாள். போனில் தன் பிள்ளையின் போட்டோவைக் காட்டினாள். "யார் வூட்டுப் புள்ள? அழகா இருக்கு," என்றார். மனிதர் அசைவதாக இல்லை. காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அந்தக் கெட்டிக்காரி நான்தான்ப்பா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

தம்பியை ஆட்டோவோடு வரச் சொல்லலாம் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணீர் மறைத்ததில், சத்யா அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்த கனகாம்பரப் பாத்தியில் காலை வைத்துவிட்டாள். கணுக்கால் வரை செம்மண் சேறு. கேட் ஓரக் குழாயைத் திருகினாள். பாழாய்ப்போன குழாய், அந்தக் காலத்தில் கத்திய மாதிரியே கிறீச்சென்று கத்தியது.

"எழிலு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "சோப்பு போட்டுக் கழுவு. செம்மண்ணோட உள்ள வந்தே, அம்மா தோல உரிச்சுடுவா!"

அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எழில்மதி அழுகையும் சிரிப்புமாக, சுத்தமாகிவிட்ட காலையே மறுபடி மறுபடி தேய்த்துக் கழுவினாள். பிறகு ஈரக்காலோடு உள்ளே போனாள். அப்பா அவள் பாதங்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"வந்துட்டேம்ப்பா."

"ஏன் இவ்ளோ நேரம்? ஒரு அம்மா இங்கயே ஒக்காந்துகினு இருந்தாங்க, உன்னப் பாத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். இப்பத்தான் எழுந்து போனாங்க. பாவம், அழுவுற மாதிரி இருந்துச்சு மொகம். எதிர்ல பாத்தியா?"

"பாத்தேம்ப்பா." எழில்மதி அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "உங்க பொண்ணு வந்துட்டாளான்னு கேட்டாங்க. வந்துட்டான்னு சொல்லிட்டேன்."