கரைச்சல்

ஜெனீற்றாவுக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டுந்தான் என்று சுருவில் கிராமத்தில் பகிடி பண்ணுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழும்பி வாசிக்கச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, பிறகு போகவேயில்லை. தாயில்லாத வீடு. தகப்பன் எமிலியானுஸ் விடியமுன்னம் கடலுக்குப் போகிறவர். யார் வற்புறுத்துவது?

அவளோடு பகல் முழுக்க இருந்த ஒரே சீவன் தமக்கை மேர்சியின் மகள் எமிலி. நாலு வயது. பிள்ளையின் தகப்பன் கட்டாரில், மேர்சி கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் தங்கி வேலை செய்தாள். எமிலியோடு பேசும்போது மட்டும் ஜெனீற்றாவுக்குத் தொண்டை அடைப்பதில்லை.

வீட்டில் விளையாட்டுச் சாமான் இல்லை. ஜெனீற்றா இருப்பதைக் கொண்டு ஏதாவது செய்வாள். செவ்வரத்தம்பூவைச் சுடுதண்ணீரில் கசக்கினால் ஊதா. ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் அதுவே சிவந்துவிடும். மஞ்சள் தூளைக் கரைத்தால் மஞ்சள். தகப்பன் கணவாய் மீன் கொண்டுவரும் நாளில் அதன் மையைக் கரைத்துக் கறுப்பு. எல்லாம் சிரட்டை சிரட்டையாய் வரிசையில் இருக்கும். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டித் தோய்த்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எமிலி அமத்துவாள். அமத்திய இடமெல்லாம் பூ.

வியாழக்கிழமை பின்னேரம் மேர்சி தகப்பனின் போனுக்கு எடுத்தாள். எமிலி சத்தமாகக் கதைத்தாள். சித்தி ஒவ்வொரு நாளும் என்ன தாறவ என்று மேர்சி கேட்டாள். சோறு, முட்டை என்று பதில் வரும் என நினைத்திருப்பாள்.

"கரைச்சல் தாறவ," என்றாள் எமிலி. "நிறையத் தாறவ."

குசினியில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்த ஜெனீற்றாவுக்கும் அது தொந்தரவு என்றே கேட்டது. பூவைப் பிடுங்கு, மெல்ல அமத்து, காயட்டும் பொறு என்று பிள்ளையை நாள் முழுக்க ஆக்கினைப்படுத்தியிருக்கிறேனே என்று நினைத்தாள். பிள்ளைக்கும் தன்னைப் பிடிக்கவில்லை.

மேர்சி அப்போதே முடிவெடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எமிலியைப் புளியங்கூடலில் புருசனின் தங்கை ஜெயந்தா வீட்டில் விடப்போகிறாளாம். அங்கே விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"பிள்ளைக்கு என்னத்துக்கடி கரைச்சல் குடுத்தனி?" என்று தகப்பன் கேட்டார். அவள் செதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சிரட்டைகளைக் கழுவி வேலியோரம் கவிழ்த்து வைத்தாள். எமிலி ஒன்றை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, மஞ்சள் கரைச்சல் தாங்கோ."

ஜெனீற்றா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கரைத்து எடுப்பதால் கரைச்சல். பிள்ளை தானாகவே வைத்த பெயர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. இதை மேர்சியிடம் யார் சொல்வது?

அக்கா, கரைச்சல் எண்டால் சாயம். அவ்வளவுதான் வசனம். குசினிச் சுவருக்குச் சொல்லிப் பார்த்தாள், கோழிகளுக்குச் சொன்னாள். சனிக்கிழமை பின்னேரம் அலுமாரி மேல் கிடந்த போனை எடுத்தாள். எடுத்த மாதிரியே திரும்ப வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேர்சி வந்து எமிலியின் உடுப்புகளைப் பையில் அடுக்கினாள். ஜெனீற்றா பூ அமத்திய கலண்டர் தாளோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, கரை..."

"அதைப் பற்றி நீ ஒண்டும் சொல்லவேண்டாம். பிள்ளையே சொல்லிப்போட்டுது," என்றாள் மேர்சி. கோபமாகச் சொல்லவில்லை. "உனக்கும் சின்ன வயசுதானே. எனக்கு உன்னில மனவருத்தமில்லை."

அந்த அன்புக்கு முன்னால் ஜெனீற்றா தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பஸ் வந்தது. எமிலி சிரட்டையைக் கையில் வைத்திருந்தாள். குப்பையை ஏன் காவுகிறாய் என்று மேர்சி அதை வாங்கி வேலியோரம் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு செவ்வரத்தை பூத்துப் பூத்து விழுந்தது. தகப்பன் கொண்டுவந்த கணவாயை ஜெனீற்றா மையோடு கழுவி ஊற்றினாள்.

ஒருநாள் பின்னேரம் புளியங்கூடலிலிருந்து போன் வந்தது. தகப்பன் ஸ்பீக்கரில் போட்டார். ஜெயந்தாவின் குரல் பெருமையாக இருந்தது. பிள்ளை சொல்வதைக் கேளுங்கோ மாமா என்று சொல்லிவிட்டு எமிலியிடம் கொடுத்தாள்.

"சித்தி, இங்க ஒரு கரைச்சலும் இல்லை."

பின்னால் ஜெயந்தா சிரிப்பது கேட்டது. எமிலியானுஸின் முகமும் மலர்ந்தது. பிள்ளையின் குரல் உடைந்திருந்ததை ஜெனீற்றா மட்டுமே கேட்டாள். தகப்பனின் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"எமிலி, அழாதையம்மா. மாமியின்ர குசினியில மஞ்சள் இருக்கும், ஒரு சிரட்டை கேள். மச்சாள், கரைச்சல் எண்டால் சாயம். பிள்ளை சாயந்தான் கேக்குது. செவ்வரத்தம்பூ இருந்தால் சுடுதண்ணியில கசக்குங்கோ, தேசிக்காய் விட்டால் சிவப்பு வரும். வெண்டிக்காயைக் குறுக்க வெட்டோணும், நெடுக்க வெட்டினால் பூ வராது..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்தப் பக்கம் சத்தமில்லை.

"அது அப்பவே கட்டாகிட்டுது பிள்ளை," என்றார் தகப்பன். மகளை முதல்முறை காண்பவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெனீற்றா போனைப் பார்த்தாள். இதுவரை அவளாக யாருக்கும் எடுத்ததில்லை. ஜெயந்தாவின் இலக்கத்தை அழுத்தினாள். மணி போகத் தொடங்கியது. தொண்டை அடைக்கிறதா என்று பார்த்தாள். அடைத்தது. போனை வைக்காமல் நின்றாள்.