மிதக்கும் விடுதியின் முன்னறை

வெண்முகில் குன்றுகளை விட்டிறங்கி, பழனிமலைத் தொடரின் மடிப்புகள்தோறும் பால் பொங்கினாற்போற் பரவி, கோடைக்கானல் ஏரியின் நீரையும் கரையையும் பிரித்தறிய ஒண்ணாதபடி போர்த்துக்கொள்ளும் மாலைப்பொழுது அது. தமிழ்நயம் தேர்ந்தீர், அவ்வேரியின் ஓரத்தே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டில், முன்னாளில் மேலைக்கடற் கழிகளில் நெல்லும் கொப்பரையும் சுமந்து திரிந்த பெரும்படகொன்று, அறைகளும் கூரையும் பெற்று மிதக்கும் விடுதியாய் நின்றது.

அதனைப் பலகை பலகையாய்ப் பிரித்து, மலைப்பாதையில் ஏற்றிக் கொணர்ந்து, மீளப் பூட்டியவர் பழனியில் அடியார்க்கு விடுதி நடத்திவந்த காசிநாதன். திரைச்சீலை தைத்தும், மரத்திற்கு எண்ணெய் பூசியும் உடன் உழைத்துக் கை காய்த்தவள் அவர் மனைவி அமிர்தவல்லி. வேலை முடிந்த அன்று முன்னறையிற் படுக்கை விரித்தவள், "என்னங்க, இன்னைக்கு ஒரு ராத்திரி நாம இங்கன தங்குவமா?" என்றாள். அவரும் இசைந்தார். ஆயினும் பொழுது சாயுமுன், தூறலில் நனைந்த புதுமண இணையர் இடம் கேட்டு வந்தனர். "நாம இன்னொரு நாளைக்குத் தங்கிக்கலாம்" என்றார் காசிநாதன். தான் விரித்த படுக்கையைத் தானே அவர்களுக்குக் காட்டிவிட்டு அவள் கரையேறினாள்.

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. கோடையில் விருந்தினர் நெருக்கம். மழையில் படகைச் செப்பனிடும் வேலை. கரையோர அடுக்களையிற் சமைத்து, நடைபலகை வழியே ஏந்திச்சென்று பரிமாறி மீண்ட அமிர்தவல்லி மறுமுறை கேட்டாளில்லை. அவள் கேளாமையை நிறைவென்றே கொண்டார் அவர்.

எண்பத்தாறில் அடிப்பலகைகள் உளுத்து நீர் ஊறவே, படகை உடைத்தகற்ற வேண்டியதாயிற்று. கடைசி மாலையில் காசிநாதன் தம் கையாலேயே முன்னறையைத் துடைத்து, படுக்கை விரித்து, கரைக்கு வந்து, அடுக்களை வாயிலில் நின்று, உள்ளிருந்த மனைவியிடம் கை நீட்டினார். "வா அமிர்தம். இன்னைக்கு யாரையும் ஏத்தல. நாம தங்குவோம்."

அவள் சினமின்றிச் சிரித்தாள்.

"ஆசைப்பட்டவ போயி ரொம்ப நாளாச்சுங்க. இப்ப அந்த ரூமப் பாத்தா, விரிப்ப மாத்தணும், தரையத் துடைக்கணும்னுதான் தோணுது. அங்க எனக்குத் தூக்கம் வராதுங்க."

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். பின்னர் அவர் அடுக்களைக்குட் சென்று, அவளருகே அமர்ந்து, பழக்கமில்லாத கையால் காய் நறுக்கலானார். அவள் தடுக்கவுமில்லை, மகிழவுமில்லை.

மறுநாட் காலை, யாரும் துயிலாத படுக்கையைச் சுருட்டியெறிந்துவிட்டு ஆட்கள் பலகைகளைப் பெயர்த்தனர். இல்லையென்று ஒருபோதும் உரையாமலே ஒருத்தியின் விருப்பத்தை மாய்த்துவிட்டோம் என்னும் அறிவோடு, அவர் அவ்வேரிக்கரையில் நெடுநாள் வாழ்ந்திருந்தார்.