பதினோரு நிமிடம்

கம்ப்யூட்டரின் பழைய பிராசஸர் தனியாகக் கழன்று வரவில்லை. மேலே இருந்த விசிறியைத் திருகி எடுத்தபோது அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். அவர் பதறவில்லை. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு, ஒட்டிக்கொண்ட பாகத்தை இழுக்கக் கூடாது, இளக்கத்தான் வேண்டும் என்பது கைக்கே தெரியும். சாப்பாட்டு மேஜையில் போர்வையை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் கம்ப்யூட்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார். மனைவியின் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து சூடு காட்டினார். நடுவில் இருந்த சாம்பல்நிறப் பசை இளகியதும் பிராசஸர் உள்ளங்கையில் விழுந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சிறிய சதுரம், அடியில் ஆயிரத்துக்கு மேல் ஊசிகள். பூதக்கண்ணாடி வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"பாத்தியா, ஒண்ணுகூட வளையலை" என்றார்.

எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி உதட்டைப் பிதுக்கினாள். பெரிய சாதனைதான், யாராவது மாலை வாங்கிட்டு வாங்க என்று அதற்கு அர்த்தம். குரல் இருந்த காலமாக இருந்தால் அதை வாயாலேயே சொல்லி, அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாள்.

குரல் போய் ஏழு மாதம் ஆகிறது. தொண்டையில் புற்று. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை, அதை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான் போய் வருகிறது. எழுதி அழிக்கிற சின்னப் பலகை ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். மேஜையில் ஒரு தட்டு என்றால் இங்கே பார், இரண்டு தட்டு என்றால் வா, மூன்று என்றால் சும்மா இரு. மூன்று தட்டுதான் அதிகம் கேட்கும்.

அறுவை சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு வழி சொன்னார். இருக்கிற குரலில் அறுநூறு வாக்கியம் படித்துக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு அதை வைத்து அவள் குரலையே மறுபடி உருவாக்கலாம். தட்டச்சு செய்தால் போதும், கம்ப்யூட்டர் அவள் மாதிரியே பேசும். அன்றைக்கே ஆரம்பித்தார்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். பதிவு நடக்கும்போது அறையில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது அவள் சட்டம். ஒரு நாள் அவர் இருமித் தொலைத்தார். "யோவ் மேலகீழ, என் குரல்ல உங்க இருமலும் சேர்ந்துச்சுன்னா ஆயுசுக்கும் நான் பேசும்போதெல்லாம் நீங்க இருமுவீங்க" என்றாள். கல்யாணமான புதிதில் வைத்த பெயர் அது. லிஃப்டோடு மேலேயும் கீழேயும் போய்வருகிற ஆள், அதனால் மேலகீழ.

பன்னிரண்டாம் நாள் அவரை முட்டை வாங்கிவரச் சொன்னாள். குளிர்பெட்டியில் ஒரு டஜன் முட்டை இருந்தது. இருந்தாலும் போனார். திரும்பி வந்தபோது அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கால்மணி கழித்துத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. திரையில், அறுநூறு வாக்கியங்களுக்கும் கீழே, எண் இல்லாத ஒரு பதிவு இருந்தது. பதினோரு நிமிடம்.

"என்னம்மா இது?"

"அது உங்களுக்கு. மெஷின் என்னை மாதிரி பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கேளுங்க. அதுக்கு முன்னாடி தொட்டீங்க, உதை விழும்."

ஏழு மாதமும் அவர் தொடவில்லை. வாக்குத் தவறாத உத்தமர் என்று நினைக்க வேண்டாம். கேட்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். கேட்டுவிட்டால் அவள் குரலில் புதிதாகக் கேட்க எதுவும் பாக்கி இருக்காது.

குரலை உருவாக்குகிற வேலையைப் பழைய பிராசஸரில் ஓட்டிப் பார்த்தார். மூன்று நாள் உறுமிவிட்டுப் பதினான்கு சதவீதத்தில் நின்றுபோனது. நான்கு முறை அப்படி. பிராசஸர் பத்தாது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்றார் பயிற்சி அம்மா. "மாத்துறதுக்கு முன்னாடி பதிவு எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க" என்றும் சொன்னார். அதற்கென்று வாங்கிய பென் டிரைவ் உறைகூடப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

புதிய பிராசஸரைப் பொருத்தி, பசை தடவி, விசிறியை முடுக்கிப் பொத்தானை அமுக்கினார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. லிஃப்ட் நின்றுபோனால் முதலில் மின்சாரம், அப்புறம் கதவு, கடைசியில்தான் மூளை. அதே வரிசையில் பார்த்துக்கொண்டு போனார். திரையின் ஒயரை மாற்றினார். மெமரி அட்டைகளைக் கழற்றித் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாப் பாகமும் செருகியிருக்கிற போர்டில் இருந்த பொத்தான் பேட்டரியை எடுத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பிராசஸர் விற்ற கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"சார், உங்க போர்டுக்குள்ள இருக்குற புரோகிராம் பழசு. புது ஆளு யாருன்னு அதுக்குத் தெரியலை. பழைய பிராசஸரையே திரும்பப் போடுங்க, அந்தப் புரோகிராமைப் புதுப்பிங்க, அதுக்கப்புறம் புதுசை மாட்டுங்க. ஓடிடும்."

பழையதை மாட்டியதும் கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி விழித்துக்கொண்டது. பதிவுகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அவர் புரோகிராமைப் புதுப்பித்து முடித்தார். மேஜையில் ஒரு தட்டு கேட்டது. நிமிர்ந்தார். பலகையில் 'காப்பி?' என்று எழுதியிருந்தாள்.

"ஓடுற வேலையை நிறுத்தச் சொல்லாதம்மா. பதிவையெல்லாம் புதுசுல காப்பி எடுத்தா அஞ்சு நிமிஷம். இதுல மத்தியானம் பூரா போயிடும்."

அந்த ஒற்றைச் சொல்லின் கீழே கோடு போட்டுக் காட்டினாள். அவர் ஏற்கெனவே விசிறியின் திருகாணியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். அவள் பலகையை அழித்துவிட்டுப் பீன்ஸுக்குத் திரும்பினாள்.

இந்த முறை திரை எரிந்தது. "ஆஹா!" என்று கையைத் தட்டினார். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நான்கைந்து வரி. மூக்குக்கண்ணாடி தலைமேல் இருந்தது, இறக்கிப் போட்டுக்கொள்ளவில்லை. புதிய பிராசஸர் என்பது முதல் வரியில் தெரிந்தது. பழையதை அழிக்கவா என்கிற மாதிரி ஏதோ கேட்டது. அழிக்க 'ஒய்' எழுத்து, வேண்டாம் என்றால் 'என்' எழுத்து. எத்தனை லிஃப்ட்டுக்குப் புதுக் கட்டுப்பாட்டு அட்டை மாட்டியிருப்பார்! மாட்டியதும் ஒவ்வொன்றும் இதையேதான் கேட்கும், பழைய பிழைக் குறிப்புகளை அழிக்கவா என்று. அழிக்காவிட்டால் புது அட்டை ஓடாது. யோசிக்காமல் ஒய்யை அமுக்கினார். அமுக்கினது அவர்கூட இல்லை, விரல்.

அடுத்து வந்தது நீலத் திரை. நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கேட்டது.

அவள் வீட்டிலிருந்தே ஒரு வக்கீலுக்குத் தட்டச்சு வேலை செய்துகொண்டிருந்தாள். கட்சிக்காரர்களின் பத்திரங்கள் இருக்கும் என்பதால் வக்கீல் வற்புறுத்தி அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கைப் பூட்ட வைத்திருந்தார். இத்தனை வருஷமும் அது தானாகத் திறந்துகொண்டதால் பூட்டு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மறுபடி போன் போட்டார். "'ஒய்' அமுக்கிட்டீங்களா?" என்றார் கடைக்காரம்மா. "சார், டிஸ்க்கோட சாவி பழைய பிராசஸரோட சேர்ந்து இருந்தது. அழிக்கவான்னுதான் கேட்டிருக்கு. 'என்' அமுக்கியிருந்தா பழசை மாட்டித் திறந்திருக்கலாம். இப்ப அந்த நம்பர் இருந்தாத்தான் உண்டு. எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்க, வீட்ல கேளுங்க."

அவர் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். கடைக்காரம்மாவின் குரல் பெரிதாகத்தான் கேட்டிருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நம்பர் வெச்சிருக்கியாம்மா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பலகையில் எழுதினாள்: 'முக்கியம்னு ஒரு ஃபைல்.'

"எங்க?"

அவள் விரல் மேஜைமேல் படுத்திருந்த பெட்டியைக் காட்டியது.

"பேப்பர்ல?"

'கிழிச்சுட்டேன். யார் கையிலயாவது கிடைச்சா?' என்று எழுதினாள். வக்கீலுக்கு அவ்வளவு விசுவாசம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. சத்தம் வாயில் வராமல் கழுத்துத் துணி வழியாகக் காற்றாக, விட்டுவிட்டு வந்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். துணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் சும்மா இருக்க முடியாமல் பழைய பிராசஸரை மறுபடி மாட்டினார். நீலத் திரை. புதியதை மாட்டினார். நீலத் திரை. பசையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை சாம்பலாகிவிட்டது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கி எதிர்வீட்டுச் சுவருக்குப் போனது. நாலாவது முறையாக விசிறியைக் கழற்றப் போனபோது மேஜையில் மூன்று தட்டு கேட்டது. அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"உன் தொண்டையை டாக்டர் எடுத்தான். குரலை நான்தாம்மா எடுத்துட்டேன். ரெண்டு தடவை கேட்டியே. ஒரு அஞ்சு நிமிஷம்..." என்றவர் மேலே பேச முடியாமல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் சாம்பல் அப்பிக்கொண்டது. அவள் எழுந்து வந்து புறங்கையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"அந்தப் பதினோரு நிமிஷம்" என்றார். "அதுல நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? எழுதிக் காட்டுறியா?"

பேனாவை எடுத்தாள். ஓர் எழுத்து எழுதினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையாலேயே அழித்தாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். கம்ப்யூட்டரின் சுவிட்சையும் அணைத்தாள். நாற்காலியை அவர் முட்டியோடு முட்டி இடிக்கிற தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, துணியைச் சரிசெய்து, அந்த நாட்களில் மைக்குக்கு முன்னால் செய்வது போலவே ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

பேச ஆரம்பித்தாள். உதடு மூடித் திறந்த முதல் சொல் அவருக்குத் தெரிந்தது. மேலகீழ. அதற்குப் பிறகு எதுவும் பிடிபடவில்லை. உதடுகள் நிற்காமல் அசைந்தன. ஓரிடத்தில் அவளே லேசாகச் சிரித்துக்கொண்டாள். ஓரிடத்தில் விரலை நீட்டி மிரட்டினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வெள்ளைத் துணி ஏறி இறங்கியது. அவருக்கு நெற்றியில் வேர்த்து வழிந்தது, துடைக்கக் கையைத் தூக்கவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று தொண்டைவரை வந்தது. பதிவு நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.