கலியாண வெளிச்சம்

“இன்னும் கொஞ்சம் கூட்டி விடட்டோ?”

“எதைக் கூட்டப் போகிறீர்கள்?”

“வெளிச்சத்தை. முகங்களுக்கு இரண்டு புள்ளி கூட்டினனான். காணாதெண்டால் சொல்லுங்கோ, மூண்டாக்கலாம்.”

எஃபுவா மேசைமேல் குனிந்து பார்த்தாள். குமாரசாமியின் அச்சுக்கடை மேசையில் அவள் எடுத்த பன்னிரண்டு புகைப்படங்கள் பெரிதாக அச்சாகிக் கிடந்தன. பிராங்பேர்ட்டில் வாழும் கறுப்பின மக்களை அவரவர் வீட்டிலும் வேலையிலும் மூன்று வருடமாகப் படமெடுத்திருந்தாள். நாளை மாலை ஆறு மணிக்குக் கண்காட்சி.

“இவர் என் மாமா. ட்ராம் ஓட்டுகிறவர். இதில் பேயைக் கண்டவர் போல இருக்கிறார். அந்தப் படத்தில் அம்மா இப்போதுதான் காய்ச்சல் விட்டவர் போல. நான் என் ஆட்களைக் கொடுத்தேன், நீங்கள் யாரைத் திருப்பித் தருகிறீர்கள்?”

குமாரசாமிக்கு மனம் நொந்துபோயிற்று. இருபது வருடமாகத் தமிழர்களின் கலியாண ஆல்பமும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீட்டு ஆல்பமும் அடிப்பவர். வெளுத்துப்போனேன் என்று ஒருவரும் வந்து சண்டை பிடித்ததில்லை.

“போன கிழமை ஸ்டுட்கார்ட் மாப்பிள்ளை ஒருத்தர் நாலு புள்ளி கேட்டவர். மூக்கே காணாமல் போட்டுது. அவருக்கு அவ்வளவு சந்தோசம்.”

“இவர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படிக் காட்டத்தான் நான் படமெடுக்கிறேன். இப்படி மாட்டினால் அம்மா வாசலோடு திரும்பிப் போய்விடுவார்.”

“சரி சரி, திரும்ப அடிச்சுத் தாறன்.”

கணினியின் முன் உட்கார்ந்தார். விரல் பழக்கத்தில் ‘கலியாணம்’ என்று பெயரிட்ட பொத்தானுக்கே போனது. பின்னால் நின்ற மனைவி பாலாம்பிகை கையில் ஒரு தட்டுத் தட்டினாள். விரல் மறுபடியும் போனது. இந்தமுறை அடி பலமாக விழுந்தது.

“எழும்புங்கோ. உங்களாலை ஏலாது.”

அவளே அச்சடித்தாள். இயந்திரத்திலிருந்து எஃபுவாவின் அம்மா மெல்ல வெளியே வந்தார்: நல்ல கறுப்பு, கன்னத்தில் வேர்வை மினுக்கம், கண்ணோரத்தில் அடக்கிய சிரிப்பு.

“வந்திட்டா,” என்றாள் பாலாம்பிகை, தூரப் பயணத்திலிருந்து வந்தவரை வரவேற்பது போல. எஃபுவா அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

பன்னிரண்டும் அடித்து முடிந்தது. பாலாம்பிகை கடைச் சுவரில் தொங்கிய தன் கலியாணப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். குமாரசாமி முதன்முதலாக வெளிச்சம் கூட்டிய படம். கூறைச்சேலை தெரிந்தது, தாலி தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பிள்ளை,” என்று எஃபுவாவின் பக்கம் திரும்பினாள், “என்னையும் ஒரு படம் எடுப்பியளோ? அச்சடிக்க மட்டும் இவரிட்டைக் குடுக்க வேண்டாம்.”