அன்னபூர்ணியின் ஒற்றை ‘ஓ’

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவடை மெஷினுக்கு ஆன்லைனில் பதிவு திறக்கும். முந்துகிறவர்களுக்குத்தான் நாள் கிடைக்கும். வியாழக்கிழமை மழை என்று வானிலைச் செய்தியில் சொல்லிவிட்டார்கள். குத்தகைக்கு எடுத்த ஆறு மா நிலத்தில் சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. புதனுக்குள் அறுத்தாக வேண்டும். எட்டே முக்காலுக்கே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது அடித்தது. எங்கள் அன்னபூர்ணி உழவர் கம்பெனியின் பக்கத்தைத் தட்டினேன். சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்து விழுந்தது: “இது ஆபாசத் தளம். உங்கள் குடும்ப நலன் கருதித் தடுக்கப்பட்டது.”

ஆபாசமா? நெல் அறுக்கிற மெஷினிலா? அட கண்றாவியே! திரும்பத் திரும்பத் தட்டினேன். வைஃபையை அணைத்துவிட்டு சிம் நெட்டில் தட்டினேன். அதே அறிவிப்பு.

அப்புறம்தான் உறைத்தது. என் வீட்டுக்காரர் கத்தாரில் கேமரா மாட்டுகிற வேலையில் இருக்கிறார். பெரிய மேதை. தீபாவளிக்கு லீவில் வந்தபோது என் போனை வாங்கி டிஎன்எஸ்ஸை மாற்றினார். நாம் தட்டுகிற பெயர் எந்த நம்பரில் இருக்கிறது என்று தேடிச் சொல்கிற சேவையாம் அது. அதில் பல வகை உண்டாம். ஒன்று வேகமாம், ஒன்று நாம் எங்கே போனோம் என்று குறித்தே வைக்காதாம், இன்னொன்று கெட்டதை வடிகட்டுமாம். “பாப்பா பாக்குற போனு” என்று வடிகட்டியையே போட்டுவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வடிகட்டிக்கு எங்கள் கம்பெனி மேல் என்ன கோபம்? முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லாம் கம்பெனித் தலைவர் முருகையன் பண்ணிய வேலை! இங்கிலீஷில் அன்னபூர்ணிக்கு இரண்டு ‘ஓ’ வரும். கூட்டு எண் சரியில்லை என்று நியூமராலஜிக்காரன் சொன்னானாம், மனிதர் ஒரு ‘ஓ’வைப் பிடுங்கிவிட்டார். நடுவில் மிஞ்சியது பி, ஓ, ஆர், என். சோறு போடுகிற தெய்வத்தை ப்ளூ பிலிம் ஆக்கிவிட்டார்கள், பாவிகள்.

போன் செட்டிங்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கத்தாரிலிருந்து அழைப்பு.

“குந்தவை, என்ன பண்ணிட்டிருக்க?” குரலே சரியில்லை.

“மெஷின் புக் பண்றேங்க. அவசரம், வைங்க.”

“நான் போட்ட வடிகட்டிலேர்ந்து எனக்கு மெயில் வந்திருக்கு. உன் போன்லேர்ந்து பதினாலு தடவை அந்த மாதிரி சைட்டைத் தொறக்கப் பாத்திருக்காங்கன்னு.” குரலைத் தாழ்த்தினார். “வீட்ல யாராச்சும் இருக்காங்களா?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வருடம் இவருக்கு வாக்கப்பட்டு, ஒண்டியாக நாற்று விட்டு, நடவுக்கு ஆள் பிடித்து, யூரியாவுக்கு வெயிலில் நின்றவள் நான். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! பதில் சொல்லாமல் வைத்தேன். முன்பு அவரே வாட்ஸப்பில் அனுப்பியிருந்த டிஎன்எஸ் பட்டியலைப் பார்த்து, வடிகட்டியை அழித்துவிட்டு, எதையும் குறித்து வைக்காத டிஎன்எஸ்ஸைப் போட்டேன். பக்கம் பட்டென்று திறந்தது. மணி ஒன்பது நாற்பது. செவ்வாயும் நிரம்பிவிட்டது, புதனும் நிரம்பிவிட்டது. எனக்குக் கிடைத்தது சனிக்கிழமை.

மறுபடியும் அவர்தான். இப்போது குரல் குழைந்தது.

“பேரை இப்பத்தான் பாத்தேன். நம்ம கம்பெனியா அது! நானும் அதுல மெம்பராச்சே. சரி விடும்மா, நான் தப்பா ஒண்ணும் நெனைக்கல. மெஷின் கெடச்சுதா?”

“பதினாலுன்னு எண்ணத் தெரிஞ்சுதுல்ல உங்களுக்கு? பேரை ஒரு தடவை படிக்கத் தோணலையா?”

அவர் வாயைத் திறக்குமுன் நானே தொடர்ந்தேன்.

“சனிக்கிழமைதான் கெடச்சுது. அதுக்குள்ள கதிரெல்லாம் தண்ணியில கெடக்கும். வீட்ல யாரு இருக்கான்னு கேட்டீங்களே? நான் இருக்கேங்க. பத்து வருஷமா நான் மட்டும்தான் இருக்கேன்.”