சீட்டில் இல்லாத பதில்

பதினாறுக்கு ஒன்பது.

ஞானசெல்வி விடைத்தாளை இன்னொரு தரம் சரிபார்த்தாள். மார்க் மாறவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்தக் கோச்சிங் சென்டரில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் உள்ளங்கை வேர்த்தது. பரிட்சைக்கு இன்னும் பத்தே நாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸுகள் எழுதும் இங்கிலீஷ் பரிட்சை அது. கேட்பது, பேசுவது, எழுதுவது எல்லாவற்றிலும் அவள் தேறிவிட்டாள். வாசிப்பு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலை தருவதாக அனுப்பிய கடிதம் அடுத்த மாதக் கடைசி வரைக்கும்தான் செல்லும். இந்தத் தடவையும் தவறினால் அது வெறும் காகிதம். குவைத்தில் கணவன் லியோன், ஆவூரில் அவளும் மகள் டயானாவும். மூவரும் ஒரே வீட்டில் இருப்பது என்கிற நினைப்பும் அந்தக் காகிதத்தோடு போய்விடும். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் லியோன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது.

"அக்கா, ஆறாவது கேள்விக்கு ஏன் பி போட்டீங்க?" என்று கேட்டாள் சுகுணா.

"அதான சரி? படுத்த படுக்கையா கெடக்குறவங்கள ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பிப் போடணும். இல்லாட்டி புண்ணு வந்துரும்."

"அந்தக் கட்டுரைல அப்படி எங்கக்கா இருக்கு? எல்லாருக்கும் ஒரே கணக்கு வேணாம்னுல்ல எழுதியிருக்காரு? சி-தான் விடை."

"அவர வந்து என் வார்டுல ஒரு நாள் நிக்கச் சொல்லு. அப்புறம் எழுதட்டும்."

சுகுணா சிரித்தாள். ஞானசெல்வியைவிட ஏழு வயது சின்னவள். எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு அங்கே பாடம் எடுக்கிறாள். ரத்தத்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அதே தாளில் அவள் வாங்கியது பதினைந்து.

"எப்புடி சுகுணா?"

"எனக்குத்தான் வைத்தியத்துல ஒண்ணுமே தெரியாதே! அங்க என்ன எழுதியிருக்கோ அத மட்டும் பாக்குறேன். நீங்க பதினோரு வருச சர்வீஸையும் சேத்துத் தூக்கிட்டு வாரீங்க. நாலு ஆப்ஷன்ல ஒண்ணு நர்ஸுகளுக்குன்னே வெச்ச பொறிக்கா. உள்ள போறப்ப நர்ஸா போகாதீங்க. மூளையக் கழட்டி வாசல்ல வெச்சிட்டுப் போங்க."

அன்றைக்கே நோட்டில் எழுத வைத்தாள். முதலில் கேள்வியைப் படி, பிறகு அதற்கான பத்தியைத் தேடு. 'எப்போதும்', 'எல்லாரும்' என்று அளக்கிற விடையைச் சந்தேகப்படு. கட்டுரையின் வார்த்தையை அப்படியே தூக்கி வைத்து ஆசை காட்டுகிற விடையையும் நம்பாதே. மிச்சம் இருப்பதில் எதற்குத் தாளில் சாட்சி இருக்கிறதோ, அதைத் தொடு. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள்: தாளில் இல்லாதது உலகத்திலேயே இல்லை.

ஞானசெல்வி அதை ஆவூர் பஸ்ஸில் முணுமுணுத்தாள். குழம்பைக் கிளறும்போது முணுமுணுத்தாள். பதினொன்று வந்தது. பிறகு பதின்மூன்று. செவ்வாய்க்கிழமை பதினான்கு!

சனிக்கிழமை பரிட்சை. வியாழக்கிழமை காலையில் அது நடந்தது.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டின் ஆறாம் கட்டிலில் ராக்கன் என்கிற பெரியவர். ஆலங்குடிப் பக்கம் முந்திரித் தோப்பில் காலைக் கிழித்துக்கொண்டு, சீழ் பிடித்த பிறகு வந்திருந்தார். ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். ஞானசெல்வி கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். 'அலர்ஜி: இல்லை.' மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

"தாயி, போன வருசம் ஒரு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. இது அந்த மருந்து இல்லையே?" என்றார் ராக்கன்.

அவள் மறுபடி ஷீட்டைப் பார்த்தாள். "சீட்டுல அப்படி எதுவும் இல்லீங்கய்யா. கைய நீட்டுங்க."

கையில் செருகியிருந்த குழாயின் வாயில் ஊசியை வைத்தும்விட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மூக்காயி கலகலவென்று சிரித்தாள். "நல்ல கூத்தா இருக்கே! அன்னைக்கி இவருக்கு மூச்சு முட்டுறப்ப ஓடியாந்து மாத்து மருந்து குடுத்துக் காப்பாத்துனதே நீதானத்தா? ஒனக்கே மறந்துபோச்சா?"

ஞானசெல்வியின் கட்டைவிரல் அப்படியே நின்றது.

மறக்கவில்லை. அதுதான் பயங்கரம். எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் அடையாளம் சொல்லக்கூடிய முகம். வீங்கிய அந்த உதடுகளும் நீலம் பாய்ந்த அந்த நகங்களும் கட்டிலுக்கு வரும்போதே அவளுக்கு ஞாபகம் வந்தன. வந்ததைத் தள்ளிவிட்டு, தாளில் சாட்சி தேடியிருக்கிறாள். சாட்சி இல்லை என்றதும் நிம்மதியாக ஊசியை எடுத்திருக்கிறாள்.

டாக்டரைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினாள். ஷீட்டில் சிவப்பு மையால் அலர்ஜியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால்? மூக்காயி ஆரஞ்சு வாங்க வெளியே போயிருந்தால்?

வெள்ளிக்கிழமை நோட்டைத் திறக்கவே பயமாக இருந்தது. சுகுணாவுக்குப் போன் போட்டாள்.

"நான் பரிட்சைக்குப் போகல சுகுணா. நீ சொல்லிக்குடுத்தது எனக்குள்ள எறங்கிருச்சு. ஒரு மனுசன கொன்னுருப்பேன்."

வார்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அக்கா, நான் சொன்னது இப்படி ஆகும்னு நெனக்கலக்கா," என்றாள் சுகுணா. "ஆனா லெட்டர் தேதி..."

அந்தத் தேதிதான் சனிக்கிழமை விடிந்ததும் அவளைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றியது.

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதல் கட்டுரையைத் தட்டுத் தடுமாறி முடித்தாள். இரண்டாவது கட்டுரையைத் திறந்தாள்.

வார்டில் நோயாளியோடு உறவினர்கள் தங்குவதைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் ஒரு டாக்டர். உறவினர்களால் தொல்லைதான் அதிகம், நோயாளி குணமாவதுகூடத் தாமதமாகிறது என்று பத்தி பத்தியாக அடுக்கியிருந்தார். மூன்றாவது கேள்வி: உறவினர்கள் உடன் இருப்பது பற்றிக் கட்டுரையாளரின் கருத்து என்ன?

பி: அது சிகிச்சைக்கு இடைஞ்சல்.

டி: ஊழியர்கள் கவனிக்கத் தவறியதை உறவினர்கள் கவனிப்பார்கள்.

டி சத்தியமான உண்மை. அந்த உண்மையின் பெயர் மூக்காயி. ஆனால் கட்டுரையில் எந்த இடத்திலும் அது இல்லை.

மவுஸை அசைக்காமல் இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பி என்று தொட்டால், மறுபடியும் கண்ணால் கண்டதைத் தள்ளிவிட்டுத் தாளை நம்புகிறவள் ஆகிவிடுவாள். டி என்று தொட்டால் கடிதம் போயிற்று. பதினெட்டு நிமிஷம் பதினேழானது. பதினாறரை ஆனது. பக்கத்து நாற்காலிப் பெண் டக் டக்கென்று தட்டிக்கொண்டு போனாள்.

ஞானசெல்வி கேள்வியை மறுபடி படித்தாள். கட்டுரையாளரின் கருத்து என்ன?

உன் கருத்து என்ன என்று கேட்கவில்லை. எது உண்மை என்றும் கேட்கவில்லை. இந்த ஆள் என்ன சொல்கிறார் என்றுதான் கேட்கிறார்கள்.

இதை அவள் தினமும் செய்கிறாள்! நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ஒருவர் 'எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்கு விடுங்க' என்பார். 'வலி இல்லை என்கிறார்' என்று குறிப்பில் எழுதுவாள். எழுதிவிட்டு நாடியைப் பிடிப்பாள். எழுதியதாலேயே நம்பிவிட்டதாக அர்த்தமா? ராக்கனின் ஷீட்டில் இருந்ததும் யாரோ ஒருவர் கேட்டு எழுதிய வார்த்தைதான். அங்கே அவள் நாடியைப் பிடிக்க மறந்தாள். இங்கே நாடி பிடிக்கும் வேலையே இல்லை. கேட்டதை எழுதினால் போதும்.

'சொல்லுங்க டாக்டர், எழுதிக்கிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பி-யைத் தொட்டாள்.

மூளையைக் கழற்றி வைக்காமல், நர்ஸாகவே உட்கார்ந்து மீதி ஐந்து கேள்விகளையும் போட்டாள். பயம் மட்டும் கூடவே உட்கார்ந்திருந்தது. கடைசிக் கேள்விக்கு விடை தொட்டபோது மிச்சம் இருபது விநாடி.

அதற்குப் பிறகு பதினேழு நாள் அவள் சோற்றை அளைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. ரிசல்ட் வந்த மத்தியானம், பார்க்கப் பயந்து பாஸ்வேர்டைச் சுகுணாவிடம் கொடுத்துவிட்டு மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றாள். போன் அதிர்ந்தது.

"அக்கா, பாஸ்! ஐநூறுக்கு முந்நூத்தம்பது வேணும், உங்களுக்கு முந்நூத்தறுபது!"

"என் பேர்தானா பாரு."

"உங்க பேர்தான்க்கா."

"பொறந்த தேதி?"

"அய்யோ, உங்களோடதுதான்! சாட்சி கெடச்சுருச்சுல்ல, போன வைங்க. அண்ணனுக்குச் சொல்லுங்க!"

லியோனுக்கு வேலை நேரம். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"செல்வி, அப்ப நான் இங்க வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துறவா? குடுத்துட்டா திரும்பச் சேத்துக்க மாட்டாங்க."

தெரியாத ஊர். தெரியாத குளிர். தெரியாத வார்டில் யாரோ எழுதி வைத்த கேஸ் ஷீட்டுகள். பயம் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அது வாயைத் திறப்பதற்குள், "குடுங்க" என்றாள்.