மூன்றாவது கணினியில் சிவப்பு

காலை ஐந்தரைக்கே யோகேஸ்வரியின் விரல்கள் வலித்தன. கீழே சிங்கப்பூருக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் எல்லைப் பாலம் வரை இரைந்துகொண்டு நின்றன. ஜன்னல் திறக்காத அறை. ஏர்கான் காற்று பிடரியில் ஊசியாய் இறங்கியது.

கணினிகள் ஒன்றோடொன்று பேச உதவும் மென்பொருள் நூலகத்துக்கு அவர்கள் ஆறு பேர் சோதனைகள் எழுதினார்கள். ஒவ்வொன்றும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் தேற வேண்டும். மேக் மட்டும் ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். சோதனையின் தலைப்பில் எழுதியவர் பெயர் இருக்கும்; தேறாவிட்டால் அந்தப் பெயருக்குச் சிவப்பு விழும். மூன்று சிவப்பு விழுந்த பெயருக்கு வேலை இல்லை. முதலாளி திருச்செல்வம் வைத்த சட்டம் அது.

நேற்று அல்ஃபியாவுக்கு மூன்றாவது சிவப்பு.

யோகேஸ்வரி சோதனைகள் ஓடிய பதிவுகளை இரண்டு முறை படித்தாள். தன்னை நம்பாமல் மூன்றாம் முறையும் படித்தாள். அல்ஃபியாவின் சோதனை ஓடிய அதே நிமிடத்தில் தன்னுடையதும் மேக்கில் ஓடியிருந்தது. இரண்டிலும் 9000 என்ற ஒரே போர்ட் எண்; ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்கு மட்டுமே திறக்கும் வாசல். முந்தி வந்த தன்னுடையது எண்ணைப் பிடித்துக்கொள்ள, அல்ஃபியாவுடையது விழுந்துவிட்டது. காலியான எண்ணைக் கணினியிடமே கேட்டிருக்க வேண்டும். அவள் போகும் கணினி மாலை வகுப்பில் முதல் வாரமே சொன்ன பாடம். வெளியே சொன்னால், ஏற்கெனவே இரண்டு சிவப்புள்ள தன் பெயருக்கு இது மூன்றாவது.

ஆறரைக்கு அல்ஃபியா மேசையைக் காலி செய்ய வந்தாள்.

"ஒன்ன விழ வச்சது நான்தான், அல்ஃபியா."

அல்ஃபியா திரையைப் படித்தாள். "அலமாக்! நானும் அதே நம்பர்தானே போட்டேன்? போன வாரம் ஒனக்கு விழுந்தது என்னாலயா இருக்கும் லா."

அறுவரில் ஒருவனான குணாளன் பின்னால் வந்து நின்று, தன் கோப்பைத் திறந்தான். அங்கேயும் 9000. "பாஸ் குடுத்த மாதிரிக் கோப்பப் பார்த்துத்தானே எல்லாரும் காப்பி அடிச்சோம்!"

மற்ற மூவரும் வந்ததும், எட்டு மணிவரை ஆறு பேரும் தலை நிமிராமல் ஒரே வேலையைச் செய்தார்கள்.

திருச்செல்வம் நுழைந்தார். "அல்ஃபியா, நீ இன்னும் கெளம்பலையா?"

"தப்பு நீங்க குடுத்த மாதிரிக் கோப்புல இருக்கு பாஸ். ஆறு பேருக்கு ஒரு மேக் வேற," என்றான் குணாளன்.

"யார் பேரு இருக்கோ அவங்க தப்பு. நான் என்ன கோர்ட்டா நடத்துறேன்?"

"அப்போ தெறந்து பாருங்க, பாஸ்." யோகேஸ்வரி திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

முதல் சோதனையைத் திறந்தார். தலைப்பில் ஆறு பெயர்கள். அடுத்ததிலும் ஆறு. கடைசிவரை ஆறு.

"ஆறு பேரையும் அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. வெள்ளிக்கிழமை, இந்த வேலையக் குடுத்த சிங்கப்பூர்க்காரனுக்கு நீங்களே எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க," என்றாள் அல்ஃபியா.

அவர் அறைக் கதவை அறைந்து சாத்தினார். உள்ளே தொலைபேசியில் யாரிடமோ கத்துவது கேட்டது. என்ன முடிவு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

யோகேஸ்வரி தன் நாற்காலியை மேக்கின் அருகே இழுத்தாள். மற்ற ஐந்தும் நகர்ந்து வந்தன. முதலில் அல்ஃபியாவின் சோதனை. அது ஓடி முடியும்வரை யாரும் தங்களுடையதைத் தொடவில்லை.